அவங்ககிட்ட கேட்டீங்களா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க. தலைப்பைப் பார்த்துட்டு இது பொம்பளைங்க சமாச்சாரம்னு ஆண்கள் யாரும் நழுவிட வேண்டாம். சொல்லப்போனா நீங்கதான் முதல்ல படிக்கணும். நம்ம வீடுகள்ல ஆஸ்பத்திரி காகிதத்துல கையெழுத்துப் போடறது பெரும்பாலும் நீங்கதானே.

நான் சொல்ல வர்றது இதுதான். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பெண்ணோட மார்பை முழுசா எடுக்கணும்னு முடிவானா, "எடுத்த இடத்துல உங்க உடம்புச் சதையை வெச்சே திரும்ப ஒரு மார்பை உண்டாக்க முடியும், வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்லுங்க"ன்னும் சேர்த்துச் சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லணும். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லணும். அவ்வளவுதான் என் கட்சி. அவங்க வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வங்கியில கணக்குப் பார்க்கிறவள். வீட்டுல ரெண்டு பேருக்கு இந்த நோய் வந்ததால தேடித் தேடிப் படிச்சது, மூணு டாக்டர்களைப் பார்த்துக் கேட்டுக்கிட்டது, இதெல்லாம்தான் என் மூலதனம். சிகிச்சை முடிவை உங்க டாக்டர்கிட்ட பேசி எடுங்க.

உசிரு முக்கியமா, அது முக்கியமா?

போன வருஷம் எங்க அண்ணிக்கு இடது மார்புல கட்டின்னு தெரிஞ்சுது. வயசு 43. பயாப்சி, ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு ஒரு தனியார் மருத்துவமனையில சர்ஜன் முன்னாடி உட்கார்ந்திருந்தோம். அண்ணன், அண்ணி, நான். டாக்டர் திறமைசாலி, அதுல சந்தேகமே இல்லை. கட்டி ஒரு இடத்துல மட்டும் இல்லை, மார்புல வேற வேற இடத்துலயும் இருக்கு, அதனால முழுசா எடுத்துடறதுதான் நல்லதுன்னு பொறுமையா விளக்கினார். எல்லாத்தையும் அண்ணனைப் பார்த்தே விளக்கினார்.

நான்தான் "எடுத்ததுக்கு அப்புறம் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் மாதிரி ஏதாவது..."ன்னு இழுத்தேன்.

"முதல்ல உசிரு முக்கியம்மா. அது அழகு சமாச்சாரம். அப்புறமா பார்த்துக்கலாம்"னு முடிச்சுட்டார். அண்ணனும் "ரெண்டு பிள்ளைங்க ஆயாச்சு, இனிமே அதெல்லாம் எதுக்கு டாக்டர்"னு தலையாட்டிட்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசலை. பேசறதுக்கு யாரும் அவங்க பக்கம் திரும்பவும் இல்லை.

அன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது கேட்டாங்க. "ஏம்மா, டாக்டர்கிட்ட என்னமோ கேட்டியே, அது என்னது?"

"வயித்துல இருக்கற சதையை எடுத்து மார்பு மாதிரி வெச்சுத் தைப்பாங்களாம் அண்ணி."

"என் வயித்துல இருந்தா? அதான் எக்கச்சக்கமா கெடக்கே!"ன்னு சிரிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "வேணும்னு சொல்றேனோ, வேண்டாம்னு சொல்றேனோ... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல"ன்னாங்க.

இந்த 'அழகு சமாச்சாரம்'ங்கற வார்த்தைதான் என்னைக் கடுப்பேத்துது. பல்லு போனா பல் கட்டிக்கறோம். அதை யாரும் அழகுக்குன்னு சொல்றதில்லை. காலை இழந்தவங்களுக்காக 1968-ல ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூர் காலை உருவாக்கினப்போ நாடே கொண்டாடுச்சு. ஒரு பொண்ணுக்கு மார்பு போனா மட்டும், உயிரோட இருக்கியே அது போதாதான்னு கேக்கறோம். ரெண்டும் எதிரெதிர் மாதிரி பேசறதே தப்பு. இந்தச் சீரமைப்பைச் செய்துக்கறதால நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கூடறதில்லைன்னுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்லுது. கீமோ, ரேடியேஷன் தள்ளிப் போயிடாம நேரத்தைத் திட்டமிட்டா போதும். அப்போ உயிரையும் காப்பாத்தி, இதையும் பேசலாமே? யாரு தடுத்தா?

2022-ம் வருஷத்துக்கான உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி இந்தியாவுல அந்த ஒரு வருஷத்துல மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதுசா மார்பகப் புற்றுநோய். மேல்நாட்டோட ஒப்பிட்டா நம்ம பெண்களுக்கு இது கிட்டத்தட்ட பத்து வருஷம் முன்னாடியே வருதுன்னு சொல்றாங்க. நாற்பதுகள்ல வந்து குணமானா அதுக்கப்புறம் முப்பது, நாற்பது வருஷ வாழ்க்கை இருக்கு. அந்த உடம்போட வாழப் போறது அவங்கதானே?

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி

முழுசா எடுத்தே ஆகணுமா? இதை முதல்ல கேட்கணும். அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில உம்பெர்த்தோ வெரோனேசி, ரெண்டு பேரும் தனித்தனியா நடத்தின ஆய்வுகளோட 20 வருஷ முடிவு 2002-ல வந்துச்சு. ஆரம்ப நிலையில இருக்கற பலருக்கு, கட்டியை மட்டும் சுத்தியிருக்கற கொஞ்சம் சதையோட எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தாலும் உயிர் பிழைக்கிற வாய்ப்பு ஒண்ணுதான்னு காட்டின ஆய்வுகள். அண்ணிக்கு அது ஒத்து வரலை. உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு ஒத்து வரலாம். 

பதியனும் நாத்தும்

'பிளாஸ்டிக் சர்ஜரி'ன்னதும் எங்க சித்தப்பா "பிளாஸ்டிக்கை உள்ள வெச்சுத் தைப்பாங்களா?"ன்னு கேட்டார் :-) பிளாஸ்டிக்குங்கறது கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது, உருவம் கொடுக்கறதுன்னு அர்த்தம். பக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சிலிகான் பை வெக்கறது ஒரு வழி, அதைப் பத்தி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம். ஆனா அது ஆயுசுக்கும் வர்ற பொருள் இல்லை, என்னிக்காவது மாத்த வேண்டியிருக்கும். ரேடியேஷன் வாங்கின இடத்துல அதைச் சுத்தி உடம்பு இறுக்கமா ஒரு உறை கட்டிக்கறதும் அதிகம். சொரசொரப்பான மேல்பரப்பு உள்ள ஒரு வகை இம்ப்ளாண்ட்டால அபூர்வமா ஒரு ரத்தவெள்ளணுப் புற்றுநோய் வருதுன்னு தெரிஞ்சு, அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில உலகம் முழுக்க அந்த வகையைத் திரும்ப வாங்கிக்கிச்சு. இதெல்லாம் இருந்தாலும் பல பெண்களுக்கு அது பொருத்தமான வழிதான். என் பதிவு இன்னொரு வழியைப் பத்தினது. நம்ம சதையையே இடம் மாத்தி வெக்கற வழி.

இதோட அடிப்படை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசே இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில அறுந்து போன மூக்கைக் கன்னத்துத் தோலைத் திருப்பி வெச்சுச் சரி பண்ற முறை இருக்கு. 1794-ல லண்டன் பத்திரிகை ஒண்ணுல, மைசூர்ப் போர்ல பிடிபட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜிங்கற வண்டிக்காரருக்கு, பூனா பக்கத்துல நெத்தித் தோலை இறக்கி மூக்கு செஞ்ச கதை படத்தோட வந்துச்சு. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த முறையை எடுத்துக்கிட்டாங்க. ரகசியம் ஒண்ணே ஒண்ணு. தோலை முழுசா வெட்டி எடுக்காம, ரத்தம் வர்ற காம்பை விட்டுவெச்சுத் திருப்பணும்.

தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். பதியன் போடும்போது கிளையைத் தாய்ச்செடியில இருந்து அறுக்கறதில்லை, வளைச்சு மண்ணுல அமுக்கறோம். உயிர் தாய்ச்செடியில இருந்தே போகுது. ஒரு வகை ஆபரேஷன் அப்படி. சதையைக் காம்போட சுத்தி மார்புக்குக் கொண்டு வர்றாங்க. இன்னொரு வகை நாத்து பிடுங்கி நடற மாதிரி. முழுசா எடுத்து, புது இடத்துல ரத்தக்குழாயை ஒட்டி நடணும். வேர் பிடிச்சா பயிர், பிடிக்காட்டி வாடிடும்.

எங்கே இருந்து எடுப்பாங்க?

முதுகு: தோள்பட்டைக்குக் கீழே முதுகுல அகலமா ஒரு தசை இருக்கு. லாட்டிசிமஸ் டார்சின்னு பேரு. அதுல ஒரு பகுதியை மேல இருக்கற தோலோட, அக்குள் வழியா முன்பக்கம் கொண்டு வர்றாங்க. இது பதியன் வகை. இத்தாலியில தான்ஸினிங்கற சர்ஜன் 1906-லயே இதைச் செஞ்சுட்டார். ஆனா மார்போட நெஞ்சுத் தசையையும் சேர்த்து வழிச்சு எடுக்கற முறையைப் பரப்பின அமெரிக்காவின் ஹால்ஸ்டெட்டுக்கு இந்த மாதிரி சீரமைப்புல நம்பிக்கை இல்லை. அவர் வார்த்தைக்கு அப்போ அவ்வளவு மதிப்பு. தான்ஸினியோட முறை மறந்தே போச்சு, 1970-கள்லதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்துச்சு. நம்பகமான முறை, ரத்த ஓட்டம் நல்லா இருக்கும். ஆனா முதுகுல சதை கம்மி, அதனால பல பேருக்கு உள்ளே ஒரு சின்ன இம்ப்ளாண்ட்டும் வேண்டியிருக்கும். முதுகுல நீர் கோத்துக்கறது சகஜம். கையை ஊன்றி எழுந்திருக்கறது, நீச்சல் இதுல கொஞ்சம் பலம் குறையலாம்.

வயிறு, தசையோட: தொப்புளுக்குக் கீழே இருக்கற தோலையும் கொழுப்பையும், வயித்துத் தசையோட சேர்த்து மேலே கொண்டு வர்றது. ட்ராம் ஃப்ளாப்னு சொல்றாங்க. 1982-ல அமெரிக்காவின் கார்ல் ஹார்ட்ராம்ப் இதைப் பிரபலப்படுத்தினார். மார்பு நல்லா இயற்கையா அமையும். ஆனா வயித்துச் சுவரோட தசையையே எடுக்கறதால பின்னாடி வயிறு புடைக்கறது, குடலிறக்கம் வர்றது உண்டு. தண்ணிக் குடம் தூக்கற பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வயிறு, தசை இல்லாம: இப்போ பெரிய மையங்கள்ல அதிகம் பேசப்படறது இதுதான். டீப் ஃப்ளாப். அதே வயித்துத் தோல், அதே கொழுப்பு. ஆனா தசையை விட்டுட்டு, தசைக்குள்ள நுழைஞ்சு மேலே வர்ற மெல்லிசான ரத்தக்குழாயை மட்டும் நூல் பிரிக்கற மாதிரி பிரிச்சு எடுக்கறாங்க. ஜப்பானின் கோஷிமா 1989-ல இந்த வகைத் திசு மாற்றத்தை விவரிச்சார். அதை மார்புக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் ராபர்ட் ஆலன், 1990-களோட ஆரம்பத்துல. இது நாத்து வகை. நெஞ்செலும்பு ஓரத்துல இருக்கற ரத்தக்குழாயோட, 2, 3 மில்லிமீட்டர் குழாயை மைக்ராஸ்கோப்ல பார்த்து, முடியை விட மெல்லிசான நூலால தைக்கணும். ஒரு பக்கத்துக்கே 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து எந்தக் குழாய் எங்கே வருதுன்னு வரைபடம் மாதிரி பார்த்துப்பாங்க.

தொடை, பிட்டம்: ஒல்லியா இருக்கறவங்களுக்கு வயித்துல சதை போதாது. அவங்களுக்குத் தொடையோட உள்பக்கம், பின்பக்கம், இல்லாட்டி பிட்டத்துல இருந்து எடுக்கற முறைகள் இருக்கு. எல்லாமே மைக்ராஸ்கோப் வேலை. செய்யத் தெரிஞ்ச கைகள் குறைவு.

கொழுப்பை உறிஞ்சி ஏத்தறது: ஒரு இடத்துல கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, ஊசி மூலமா மார்புல ஏத்தறாங்க. பள்ளம் மேடு சரி பண்ண நல்ல வழி. ஏத்தினதுல ஒரு பகுதி கரைஞ்சிடும், அதனால பல தடவை செய்யணும்.

நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான ஒரு விஷயம். "எனக்குத்தான் ரெண்டும் சிசேரியனாச்சே, வயித்துல எடுக்க முடியாதே"ன்னு அண்ணி கேட்டாங்க. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேப்போம். அடிவயித்துல குறுக்கே போட்ட சிசேரியன் தழும்பு பெரும்பாலும் இதுக்குத் தடை இல்லை. நெட்டுக்குத்தா தொப்புளுக்குக் கீழே கிழிச்ச தழும்பு இருந்தா எவ்வளவு சதை எடுக்கலாம்னு யோசிக்கணும். தொப்பையைக் குறைக்கற 'டம்மி டக்' ஆபரேஷன் ஏற்கெனவே பண்ணிக்கிட்டவங்களுக்குத்தான் வயித்து வழி அடைஞ்சு போச்சு. ஏன்னா வயித்துல இருந்து ஒரு தடவைதான் எடுக்க முடியும்.

சர்க்கரை தடவாம சொல்றதுன்னா

"வயிறும் குறையும், மார்பும் வரும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா"ன்னு சிலர் பேசறதைக் கேட்டிருக்கேன். அப்படி விளம்பரம் பண்றதும் எனக்குப் பிடிக்கலை. இது பெரிய ஆபரேஷன். ஒரு காயத்துக்குப் பதில் ரெண்டு காயம். இடுப்புல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தழும்பு. முதல் ஒண்ணு ரெண்டு நாள் நர்ஸுங்க மணிக்கொரு தடவை வந்து நட்ட சதையைத் தொட்டுப் பார்ப்பாங்க, சூடா இருக்கா, நிறம் சரியா இருக்கான்னு. குழாய்ல ரத்தம் உறைஞ்சா மறுபடி தியேட்டருக்கு ஓடணும். கை தேர்ந்த மையங்கள்லயே 100-ல 1 முதல் 3 பேருக்கு நட்டது முழுசா பிடிக்காம போகலாம். ஒரு வாரம் கூனிக்கிட்டே நடக்கணும். பழைய வேலைகளுக்குத் திரும்ப ஆறு வாரமோ அதுக்கு மேலயோ ஆகும். சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு, ரொம்பப் பருமனானவங்களுக்கு, புகை பிடிக்கறவங்களுக்கு ஆபத்து கூடுதல்.

உணர்ச்சி? பழைய மாதிரி இருக்காது. மரத்துப் போன மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா சிலருக்கு ஓரளவு திரும்பும். காம்பைப் பிறகு ஒரு சின்ன ஆபரேஷன்ல தோலை மடிச்சு செய்வாங்க, நிறத்துக்குப் பச்சை குத்துவாங்க. பெரும்பாலும் ஒரே ஆபரேஷன்ல எல்லாம் முடிஞ்சிடாது.

அப்படி இருந்தும் ஏன் பெண்கள் இதைத் தேர்ந்தெடுக்கறாங்க? பிடிச்சுட்டா அது அவங்க உடம்பு. தொட்டா சூடா இருக்கும். உடம்பு பெருத்தா அதுவும் பெருக்கும், இளைச்சா இளைக்கும், வயசாக வயசாக அதுவும் தளரும். பத்து வருஷம் கழிச்சு எடுத்து மாத்தணுமேங்கற கவலை இல்லை. ரேடியேஷன்ல காய்ஞ்சு இறுகிப் போன இடத்துக்கு, ரத்த ஓட்டம் உள்ள புதுச் சதை கிடைக்குது.

ஏன் 'முன்னாடியே' சொல்லணும்?

"அப்புறமா பார்த்துக்கலாம்"னு சொல்றதுல பாதி உண்மை இருக்கு. வருஷங்கள் கழிச்சும் செய்யலாம். ரேடியேஷன் உறுதின்னா, அதை முடிச்சு உடம்பு தேறினதுக்கு அப்புறம் செய்யறதுதான் நல்லதுன்னு பல சர்ஜன்கள் சொல்றாங்க. ஆனா தள்ளிப் போடறதும் ஒரு முடிவு. தெரிஞ்சு தள்ளிப் போடறது வேற, தெரியாமலே தள்ளிப் போறது வேற.

முன்னாடியே பேசியிருந்தா, மார்பை எடுக்கும்போதே மேல் தோலை முடிஞ்ச வரைக்கும் விட்டுவெச்சு உள்ளே இருக்கறதை மட்டும் எடுக்கலாமான்னு யோசிக்கலாம். தோல் இருந்தா வடிவம் நல்லா வரும். அதை வழிச்சு எடுத்துத் தட்டையா தைச்சுட்டா, பிறகு வயித்துத் தோலையே பெரிய ஒட்டா வெச்சாகணும். வெட்டற சர்ஜனும் தைக்கற பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே ஒண்ணா உட்கார்ந்து பேசினா தழும்பு எங்கே வரணும்ங்கறது வரை திட்டம் போடலாம்.

அண்ணிக்கு அந்தப் பேச்சு நடக்கலை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு, ஏழு மாசம் கழிச்சு வேற ஊர்ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தோம். அந்தம்மா அண்ணியைத்தான் முதல்ல பேசச் சொன்னாங்க. அண்ணன் வாயைத் திறந்தப்போ, "சார், அவங்க முடிக்கட்டும்"னாங்க. அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினாங்க. வயித்துல எடுக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், வேண்டாம்னு தோணினா அதுவும் சரிதான்னு சொல்லி அனுப்பினாங்க. அண்ணி இன்னும் முடிவு பண்ணலை. பையனோட பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்ங்கறாங்க. யோசிக்கற உரிமை கைக்கு வந்ததுலயே ஆள் மாறிட்டாங்க.

காசு விஷயம்

அமெரிக்காவுல 1998-ல ஒரு சட்டம் வந்துச்சு. மார்பகத்தை எடுக்கற ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கற காப்பீடு, அதைத் திரும்ப உருவாக்கறதுக்கும், ரெண்டு பக்கமும் சமமா இருக்க இன்னொரு மார்பைச் சரி பண்றதுக்கும் பணம் கொடுக்கணும். 2010-ல நியூயார்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபரேஷனுக்கு முன்னாடியே இந்த வழிகளைப் பத்தி நோயாளிகிட்ட சொல்லியாகணும்னு சட்டம் போட்டுச்சு. நான் கேக்கறதும் அதைத்தான்.

நம்ம ஊர்ல? மருத்துவக் காப்பீட்டுல பிளாஸ்டிக் சர்ஜரி கிடையாதுன்னு பலர் நெனச்சுக்கிட்டிருக்காங்க. பாலிசியைக் கொஞ்சம் எடுத்துப் படிங்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல வகுத்த பொதுவான விலக்கு வாசகத்துலயே, அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது, ஆனா விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாதுன்னு இருக்கு. அதனால "இது காஸ்மெடிக்"னு யாராவது கைவிரிச்சா, அந்த வரியைக் காட்டி எழுத்துல பதில் கேளுங்க. உச்சவரம்பு, முன் அனுமதி எல்லாம் பாலிசிக்குப் பாலிசி மாறும்.

காப்பீடு இல்லாதவங்க அரசு மருத்துவக் கல்லூரிகளோட பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில விசாரிக்கலாம். 2018-ல சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில ஏழைப் பெண்களுக்கு மார்பக அறுவை சிகிச்சையை இம்ப்ளாண்ட் உட்பட இலவசமா செய்யத் தொடங்கினப்போ, உயிர் காக்கற சிகிச்சைக்கே பணம் பத்தலை, இதுக்கெல்லாமான்னு விமர்சனம் வந்துச்சு. மருந்து வாங்கக் காசில்லாத இடத்துல அந்தக் கேள்வியில நியாயம் இருக்குன்னே வெச்சுக்கலாம். ஆனா பணக்காரப் பெண்ணுக்குன்னா சிகிச்சை, ஏழைப் பெண்ணுக்குன்னா ஆடம்பரமா? இந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரலை.

வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க

எங்க அத்தைக்கு 1997-ல வலது பக்கம் எடுத்தாங்க. அப்போ யாரும் எதுவும் சொல்லலை. அவங்களே துணியில சின்னப் பை தைச்சு, கடுகை நிரப்பி ரவிக்கைக்குள்ள வெச்சுக்குவாங்க. பஞ்சு வெச்சா கனம் இல்லாம மேலே ஏறிடுதாம். ஒரு அடைமழையில நனைஞ்சு கடுகு முளை விட்டுருச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஒரு பக்கம் கனம் இல்லாததால தோள்பட்டை வலி வேற. இப்போ 74 வயசு. அண்ணி விஷயம் பேசும்போது, "இப்பக்கூட பண்ணலாமாம் அத்தை, உங்களுக்கு வேணுமா?"ன்னு கேட்டேன்.

"அடப் போடி, இனிமே எனக்கென்னத்துக்கு? எனக்குக் கடுகே போதும்"னாங்க. அப்புறம், "ஆனா அன்னிக்கு எனக்கு 40-க்கு மேல கொஞ்சம்தான். யாராவது சொல்லியிருந்தா... யோசிச்சிருப்பேன்"னாங்க.

தட்டையாவே இருந்துக்கறேன்னு மனசார முடிவு பண்ற பெண்கள் நிறைய. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், சீக்கிரம் வேலைக்குப் போகணும், இது என் உடம்பு இப்படியே இருக்கட்டும்... எல்லாமே முழு நியாயமான காரணங்கள். அவங்களைப் போய் "பண்ணிக்கோ, புருஷனுக்காகப் பண்ணிக்கோ"ன்னு நச்சரிக்கறதும், வேணும்ங்கறவங்களை "இந்த வயசுல எதுக்கு"ன்னு அடக்கறதும் ஒரே வேலைதான். ரெண்டுலயும் முடிவு வேற யாரோ எடுக்கறாங்க. வேண்டாம்னா சிலிகான்ல செஞ்ச வெளிப்புற மார்பு இருக்கு, அதுக்கேத்த உள்ளாடையும் கிடைக்குது. கடுகுப் பை தைக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, ஒரு காகிதத்துல இதை எழுதிக் கையில கொடுத்து விடுங்க. சம்பந்தப்பட்ட பெண்ணே கேட்கட்டும்.

1. முழுசா எடுத்தே ஆகணுமா? கட்டியை மட்டும் எடுத்தா ஆகாதா?
2. ரேடியேஷன் இருக்குமா? இருந்தா சீரமைப்பைக் கூடவே செய்யறதா, பிறகா?
3. தோலை விட்டுவெச்சு எடுக்க முடியுமா?
4. என் உடம்புல எங்கே இருந்து சதை எடுக்கலாம்? அந்த இடத்துல பின்னாடி என்ன குறை வரும்?
5. வயித்துல எடுக்கறதுன்னா தசையையும் எடுப்பீங்களா, விட்டுடுவீங்களா?
6. இந்த ஆபரேஷனை நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க? எத்தனை பிடிக்காம போயிருக்கு?
7. இங்கே வசதி இல்லைன்னா எங்கே அனுப்புவீங்க?
8. எதுவுமே பண்ணிக்காம இருந்தா, தழும்பைத் தட்டையா, சுருக்கம் இல்லாம தைச்சுத் தருவீங்களா?

ஏழாவது கேள்விக்குக் கோபப்படற டாக்டர்கள் இருக்கலாம். பரவாயில்லை, கேளுங்க. எல்லா ஊர்லயும் மைக்ராஸ்கோப் வெச்சுத் தைக்கற ஆள் இல்லைதான், அது அந்த டாக்டரோட குற்றமும் இல்லை. "என்னால முடியாது, இன்ன ஊர்ல முடியும்"னு சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

கூடப் போற கணவன்மார், அண்ணன்மார், மகன்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டாக்டர் உங்க முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சா, நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டுக்கோங்க. அவர் பார்வை தானா அவங்க பக்கம் திரும்பிடும்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா சொல்லுங்க. இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, வேண்டாம்னு முடிவு பண்ணவங்க யாராவது படிச்சா, பேர் போடாமக்கூட உங்க அனுபவத்தை எழுதுங்க. அண்ணியும் படிப்பாங்க.